கேம் விளையாடினால் கம்ப்யூட்டர் கொதித்து அணைந்துவிடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டுமா?

மாற்றாதீர்கள். இப்போதைக்கு எதையுமே வாங்காதீர்கள்.

திருவொற்றியூரில் மொட்டை மாடி ஷீட் அறையில் இருக்கிறேன், ஜிடிஏ 5 போட்ட கொஞ்ச நேரத்தில் ஃபேன் சத்தம் ஏறுகிறது, படம் திக்கித் திக்கி ஓடுகிறது, அப்புறம் சிஸ்டமே ஆஃப் ஆகிவிடுகிறது, கடையில் கேட்டால் கார்டு போய்விட்டது என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தண்டையார்பேட்டை, காசிமேடு, வண்ணாரப்பேட்டை பக்கம் வீட்டுக்கே போய் சிஸ்டம் சர்வீஸ் செய்கிறவன். நீங்கள் சொல்கிற வரிசையிலேயே பாதி பதில் இருக்கிறது. முதலில் திக்கல், பிறகுதான் அணைவது. சூடு ஏறியதும் பிராசஸரும் கார்டும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தத் திக்கல் அதுதான். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால் மொத்தமாக நிறுத்திவிடும். செத்துப்போன கார்டு இப்படி ஒழுங்காகப் படிப்படியாக நடந்துகொள்ளாது. திரையில் கோடு கோடாக வரும், இல்லை படமே வராது.

எது சூடாகிறது என்று முதலில் பாருங்கள். சூட்டை டிகிரியில் காட்டும் ஹெச்டபிள்யூ மானிட்டர் என்ற இலவச சாஃப்ட்வேரைத் திறந்து வைத்துவிட்டு விளையாடுங்கள். கேமுக்கு உள்ளேயே எண் தெரிய வேண்டுமென்றால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போடலாம், எந்தக் கம்பெனி கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலும் 100 டிகிரி எல்லை, ஏஎம்டியின் ரைசன் பிராசஸர்களில் பெரும்பாலும் 95, சிலவற்றில் 90. நிறைய என்விடியா கார்டுகள் 83 டிகிரியை நெருங்கும்போதே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். விளையாடும்போது பிராசஸர் 80, கார்டு 75 என்று நின்றால் நம் ஊருக்கு அது நல்ல எண். வெளிநாட்டு வீடியோக்களில் 60 காட்டுகிறதே என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்கள் அறை 22 டிகிரி, மே மாதத்தில் உங்கள் ஷீட் அறை 38க்கு மேல். அறையில் எவ்வளவு ஏறுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு சிப்பிலும் ஏறும்.

அடுத்து, சிபியுவின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அதே கேமை அதே இடத்தில் விளையாடிப் பாருங்கள். சூடு பத்து டிகிரி போல இறங்கினால் கேபினட்டுக்குள் காற்று ஓடவில்லை என்று அர்த்தம். முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்க ஃபேன் வெளியே தள்ள வேண்டும். அசெம்பிள் செய்த சிஸ்டங்களில் இது திரும்பி மாட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை முன்னால் பிடித்தால் தெரிந்துவிடும், ஒட்டிக்கொள்ள வேண்டும். மூடியைத் திறந்தும் சூடு இறங்கவில்லை என்றால் கோளாறு ஹீட் சிங்கில் (சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்), அல்லது அதற்கு அடியில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டில்.

வட சென்னையில் நான் திறக்கும் சிஸ்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஹீட் சிங்க்தான் காரணம். இங்கே தூசு வெறும் தூசு இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி பகல் பார்க்காமல் கண்டெய்னர் லாரி ஓடுகிறது, அந்தப் புழுதியோடு டீசல் கரியும் சேர்கிறது. அதில் கடலோர ஈரமும் உப்பும் கலந்தால் ஒட்டிக்கொள்ளும், லேசாக ஊதினால் போகாது. காசிமேட்டில் ஒரு வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பையனுடைய சிஸ்டம் இதே நிலையில் இருந்தது. கம்ப்யூட்டர் டேபிளின் கீழ் அறையில், முதுகு சுவரில் முட்ட, சிபியுவைத் திணித்து வைத்திருந்தார்கள். பிராசஸர் ஃபேனைக் கழற்றினேன். அடியில் அலுமினியத் தகடுகளே கண்ணில் படவில்லை. சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு படலம் மூடியிருந்தது, ஓரத்தை நகத்தால் நெம்பியதும் கம்பளித் துண்டு மாதிரி முழுசாக உரிந்து வந்தது. "அண்ணா, இதெல்லாம் உள்ளேயா இருந்துச்சு?" என்று பையன் கையில் வாங்கிப் பார்த்தான். "புது கார்டுக்குச் சீட்டை எடுக்கலாம்னு இருந்தேன் தம்பி" என்றார் அவன் அம்மா. சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றி, சிபியுவை வெளியே எடுத்து வைத்ததும் 98ல் நின்றது 79க்கு வந்தது. கஷ்டப்பட்டுச் சேர்த்த காசு தேவையில்லாத கார்டுக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சுத்தம் செய்யும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சின்னக் கை புளோவரும் ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் போதும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெட்டுப்போகும். பஞ்சர் கடைக்கோ பெட்ரோல் பங்குக்கோ தூக்கிக்கொண்டு போய் ஏர் அடிக்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த டேங்கில் தண்ணீர் தேங்கியிருக்கும், காற்றோடு சேர்ந்து போர்டின் மேல் தெளிக்கும். பிசுக்கு போகவில்லை என்றால் ஹீட் சிங்கைத் தனியாகக் கழற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள்.

ஹீட் சிங்கைக் கழற்றினால் தெர்மல் பேஸ்ட்டைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பழையதை முழுசாகத் துடைத்துவிட்டு, நடுவில் கொஞ்சம் வைத்து அழுத்தினால் அதுவே பரவிக்கொள்ளும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சின்ன டியூப்பாகவே கிடைக்கும். பழைய ரைசனாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுவதற்குள் ஹீட் சிங்கை இடமும் வலமுமாக லேசாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டே வந்து அதன் அடியில் இருக்கும் ஊசி மாதிரியான பின்கள் வளைந்துவிடும். இன்டெல்லோடு வரும் ஃபேனாக இருந்தால் நான்கு பிளாஸ்டிக் கால்களும் உட்கார்ந்திருக்கின்றனவா என்று போர்டுக்குப் பின்பக்கம் பாருங்கள். ஒரு கால் தூக்கிக்கொண்டிருந்தாலே கேம் திறந்த கையோடு 100ஐத் தொட்டுவிடும்.

இதற்கு மேல் காசு செலவில்லாமல் சூட்டைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது, நிறையப் பேர் இதைத் தொடுவதே இல்லை. உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 படத்துக்கு மேல் அதனால் காட்ட முடியாது. கார்டோ முடிந்தவரை 120, 150 என்று வரைந்து தள்ளிக்கொண்டிருக்கும். மிச்சமெல்லாம் வெறும் சூடு. என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் என்ற இடத்தில் 60 என்று போடுங்கள். ஏஎம்டி கார்டில் ரேடியான் சில் என்ற வசதி இதே வேலையைச் செய்யும். பிராசஸர்தான் சூடாகிறது என்றால் விண்டோஸின் பவர் ஆப்ஷனில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 100லிருந்து 99 ஆக்கிப் பாருங்கள். டர்போ வேகம், அதாவது பிராசஸர் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓடுவது, நின்றுவிடும், சூடு நன்றாகவே இறங்கும். சில கேம்களில் வேகம் கொஞ்சம் குறையும், கோடை முடியும்வரை பொறுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்த ஷீட் அறை. கம்ப்யூட்டர் இழுக்கிற கரண்ட் ஏறக்குறைய முழுவதும் சூடாகத்தான் வெளியே வருகிறது. 300 வாட் இழுத்தால் மூடிய சின்ன அறையில் 300 வாட் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருப்பதற்குச் சமம். சீலிங் ஃபேன் ஷீட்டின் அனலைக் கீழே தள்ளும், வெளியேற்றாது. மேலே ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க முடிந்தால் வையுங்கள். உங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் கடல் காற்று வரும், கிழக்கு ஜன்னல் இருந்தால் திறந்துவிட்டு விளையாடுங்கள். சிபியுவை மட்டும் ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள், உப்புக் காற்று நேராக உள்ளே போய் திருகெல்லாம் துருவேறிவிடும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் இல்லாமல் ஒரு பலகை மேல் வையுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்கு மட்டும் கேம் வேண்டாம்.

இவ்வளவும் செய்து, சூடு 80க்குள் இருக்கும்போதே பட்டென்று அணைந்தால் அது சூட்டுப் பிரச்சினையே இல்லை. சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி தளர்ந்திருக்கலாம், இல்லை வீட்டில் வோல்டேஜ் இறங்கலாம். வேறு நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். விளையாடும்போது வருகிற இரண்டு எண்களையும் பிராசஸர், கார்டு மாடலையும் கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.