பல கேமரா வீடியோவை எந்தக் கோணத்திலும் பார்க்கும்படி எப்படிச் சுருக்குகிறார்கள்?

ஒரே காட்சியை 16 கேமராக்கள் எடுத்தால், பார்ப்பவர் தலையை நகர்த்துவதற்கு ஏற்பக் கோணத்தை மாற்றிக் காட்டலாம். சிக்கல் அளவில்தான். 1920×1080, விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால், சுருக்காத நிலையில் (8 பிட், 4:2:0 என்ற வழக்கமான நிறப் பதிவு முறையில்) ஒரு கேமராவுக்கே விநாடிக்குச் சுமார் 93 எம்பி. பதினாறுக்கும் சேர்த்து 1.5 ஜிபி.

ஆனால் அடுத்தடுத்த கேமராக்கள் பார்ப்பது பெரும்பாலும் ஒன்றேதான். எனவே இத்தகைய வீடியோவுக்கென உருவான எம்பெக் இம்மெர்சிவ் வீடியோ தரமுறையில் சில கேமராக்களின் படம் மட்டும் முழுதாக இருக்கும். மற்றவற்றிலிருந்து, தூணுக்குப் பின்னால் தெரியும் சுவர்த் துண்டு போல, முதன்மைப் படங்களில் இல்லாததை மட்டும் வெட்டியெடுத்து ஒரே சட்டகத்தில் நெருக்கி அடுக்குவார்கள். தையல்காரர் ஒரே துணியில் கை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் வீணாகாமல் வரைந்து வெட்டுவாரே, அதே கணக்கு. அடுக்கிய சட்டகத்தை சாதாரண வீடியோவைச் சுருக்கும் வழக்கமான எச்இவிசி கோடெக்கே சுருக்கிவிடும்.

கூடவே, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஆழப்படமும் போகும். இடைப்பட்ட கோணங்கள் பிறப்பது இதிலிருந்துதான். நிறத்தை அதிகம் சுருக்கினால் படம் மங்கும், அவ்வளவுதான். ஆழத்தை அதிகம் சுருக்கினால் ஆளின் தோள் விளிம்பு பின்சுவரில் ஒழுகும். கண்ணாடியும் தலைமுடியும் எப்போதுமே தகராறு.

‘எந்தக் கோணத்திலும்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்: எந்தக் கேமராவுக்கும் தெரியாத இடத்தை மென்பொருள் அக்கம்பக்க நிறத்தை வைத்து ஊகித்துத்தான் நிரப்புகிறது.