டோவரில் இருந்த ஐந்து ரயில் நிலையங்களில் பிரயரி மட்டும் ஏன் மிஞ்சியது?

பழைய வரைபடங்களில் இங்கிலாந்தின் துறைமுக ஊரான டோவருக்கு நான்கைந்து நிலையங்கள் தெரிகின்றன, இன்று பிரயரி மட்டும்தான், அதுவும் கப்பல் ஏறும் இடத்துக்குத் தள்ளி, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு போட்டி ரயில் கம்பெனிகள் ஒரே கப்பல்துறைக்கு அடித்துக்கொண்டதன் மிச்சம்தான் அந்த வரைபடம்.

முதலில் வந்தது சவுத் ஈஸ்டர்ன் ரயில்வே. ஃபோக்ஸ்டனிலிருந்து கடலோரமாக வரும் வழியில் சுண்ணாம்புக் குன்றுகள் மறித்தன. ஷேக்ஸ்பியர் குன்றைக் குடைந்தார்கள். ரவுண்ட் டவுன் குன்றைப் பொறியாளர் வில்லியம் கியூபிட் 1843 ஜனவரி 26 அன்று 8 டன்னுக்கு மேல் வெடிமருந்து வைத்துக் கடலில் சரித்தார். 1844 பிப்ரவரியில் துறைமுகத்தின் மேற்கு ஓரத்தில் நிலையம் திறந்தது.

1861 ஜூலையில் லண்டன் சாத்தம் அண்ட் டோவர் ரயில்வே கேன்டர்பரி வழியாக வந்து, இன்றைய பிரயரியில் நின்றது. நவம்பரிலேயே குன்றுக்கடியில் சுரங்கம் போட்டு ஹார்பர் நிலையத்தையும் எட்டிவிட்டது. பழைய டிக்கெட், கால அட்டவணை தேடுபவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். 1863 ஜூலை வரை ‘டோவர் டவுன்’ என்றால் பிரயரி. அது பெயர் மாறியதும், சவுத் ஈஸ்டர்ன் அதே பெயரைத் தன் நிலையத்துக்குச் சூட்டிக்கொண்டது. ஆக, பெயரை மட்டும் நம்பாமல் ஆண்டையும் கம்பெனியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிலையத்தில் இறங்கி மூட்டையோடு கப்பலுக்கு நடப்பது தொல்லை என்பதால், 1864 முதல் ரயில்கள் அட்மிரால்டி பியர் மேலேயே ஓடின. அது துறைமுகத்தைக் காக்கக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர். புயல் நாட்களில் அலை அதைத் தாண்டி விழும், பயணிகள் தொப்பலாக நனைவார்கள்.

1899-இல் இரு கம்பெனிகளும் கூட்டாக இயங்கத் தொடங்கின. போட்டி ஒழிந்ததும் இரட்டை நிலையங்களுக்கு வேலையில்லை. பியரின் ஓரத்தைத் தூர்த்து அகலமாக்கி, கூரையிட்ட மரீன் நிலையத்தைக் கட்டினார்கள். டவுன் 1914-இலும் ஹார்பர் 1927-இலும் மூடப்பட்டன. மரீன் நிலையத்தை முதலில் பயன்படுத்தியவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். 1915 ஜனவரியிலிருந்து பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்ட வீரர்கள் இங்கே இறங்கி மருத்துவ ரயில்களில் ஏற்றப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஃபோக்ஸ்டன் வாரன் என்ற கடலோரப் பகுதியில் நிலம் சரிந்து கடலோரப் பாதை 1919 வரை அடைபட்டபோது, கேன்டர்பரி வழிதான் கைகொடுத்தது.

மரீனின் பொற்காலம், 1929-இல் தொடங்கிய கோல்டன் ஏரோ என்ற லண்டன்–பாரிஸ் சொகுசு ரயிலின் காலம். 1936-இல் வந்த நைட் ஃபெர்ரி என்ற இரவு ரயிலில் தூங்கும் பெட்டிகளே கப்பலில் ஏறின. கடல்மட்டம் ஒரே நாளில் சுமார் 6 மீட்டர் ஏறி இறங்கும் இடம் இது. தண்டவாளமும் கப்பல் தளமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டுமே! அதற்காகக் கதவு போட்ட தனித்துறை கட்டி, நீரை இறைத்து மட்டத்தைச் சரிசெய்தார்கள். சுண்ணாம்புப் பாறையின் விரிசல்கள் வழியே நீர் கசிந்ததால் அதைக் கட்டி முடிப்பதற்குள் படாத பாடு.

மரீனைச் சாய்த்தது கார். 1953-இல் கிழக்குத் துறையில் கார்கள் நேரே ஓட்டி ஏறும் மேடைகள் வந்தன. விரிகுடாவின் எதிர்முனையான அங்கே பயணிகளுக்கு ரயில் நிலையம் கிடையாது. 1979-இல் மரீன் ‘வெஸ்டர்ன் டாக்ஸ்’ ஆனது. 1994-இல் இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் கடலடி ரயில் சுரங்கம் திறக்க, செப்டம்பரில் இந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். கப்பலை நம்பாமல் ஊருக்கும் லண்டனுக்கும் இடையே ஓடியதால் பிரயரி தப்பியது. 2009 முதல் அங்கிருந்து லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்கு அதிவேக ரயிலும் உண்டு.

பார்க்கப் போகிறவர்களுக்கு: மரீன் கட்டடம் இன்று சொகுசுக் கப்பல் முனையம். ரயில்வே ஊழியர்களின் போர் நினைவுச் சின்னம் உள்ளேயே இருக்கிறது, ஆனால் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. டவுன் நிலையத்தின் இடத்தைக் கண்டுபிடிக்க, 1853-இல் திறந்த லார்ட் வார்டன் ஓட்டல் கட்டடத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். நிலையம் அதன் பக்கத்திலேயே இருந்தது.