மரத்தைக் கழுத்தில் போடலாமா?

பட்டறைக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மரத்தைப் பற்றியே இருக்கின்றன. நான் கோயம்புத்தூர் செல்வபுரத்தில் 40 ஆண்டுகளுக்கு மேலாக ஊதுகுழல் பிடிக்கிற நகை ஆசாரி. சோதிடனும் அல்ல, பண்டிதனும் அல்ல. கையால் தட்டியதையும், ஓய்ந்த நேரத்தில் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கைவினைக் கண்காட்சியில் ஒரு வெள்ளி டாலர் வாங்கினேன். வட்டத்துக்குள் ஒரு மரம். வேரும் கிளையும் பின்னி வளையத்தோடு சேர்ந்திருக்கின்றன. 'உயிர் மரம்' என்றார் விற்றவர். என் மாமியாரோ, 'எந்த ஊர்ச் சாமியோ, கழற்றி வை' என்கிறார். இது எந்த ஊர் மரம்?
– வாசகி, ஈரோடு

அம்மணி, விற்கிறவர்களைக் கேட்டால் ஒருவர் அயர்லாந்து என்பார், ஒருவர் நார்வே என்பார், மூன்றாமவர் யூதர்களுடையது என்பார். மூவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வட ஐரோப்பியப் பழங்கதையில் இக்ட்ராசில் என்றொரு பெரிய ஆஷ் மரம் வருகிறது. அதற்கு மூன்று வேர்கள். உச்சியில் கழுகு, அடியில் வேரைக் கடிக்கும் நாகம், இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக் கோள் மூட்டும் ஓர் அணில். (அந்த அணிலை எனக்கு நன்றாகத் தெரியும்; எங்கள் வீதியிலும் ஒருவர் இருக்கிறார்.) யூதர்களின் கபாலா என்ற மறைஞான மரபில் உயிர் மரம் என்பது பத்து நிலைகளைக் கோடுகளால் இணைத்த படம், அதில் இலையே கிடையாது. அயர்லாந்துக் குலங்களுக்கும் மரங்கள் இருந்தன. அந்தக் கதை கடைசிக் கடிதத்தில் வரும். ஆனால் வளையத்துக்குள் வேரையும் கிளையையும் முடிகிற உங்கள் டாலரின் வடிவம் பெரும்பாலும் இந்தக் காலத்து நகைக்காரர்களின் கற்பனைதான். அதைத் தலைகீழாக மாட்டினாலும் குற்றமில்லை. வேர் மேலே, கிளை கீழே என்று ஓர் அரச மரத்தைக் கீதையின் 15-ஆம் அத்தியாயம் தொடக்கத்திலேயே காட்டுகிறது.

மாமியாரிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் ஊர்ப் பெரிய மாரியம்மன் கோயிலில் பங்குனியில் கம்பம் நடுகிறார்களே, மூன்று கவை விட்ட பச்சைக் கிளை, அதற்கு விடியற்காலையில் ஈரத் துணியோடு போய் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீர் ஊற்றியவர் அவர்தானே? அந்தக் கிளையை அம்மனின் கணவராகவே நினைத்துத்தானே ஊற்றினார்? மரம் நமக்கு அயலூர்ச் சாமி அல்ல.

எனக்கு அந்த டாலரில் வேறு குறை உண்டு. மெல்லிய கம்பிக் கிளைகளின் நுனி வளையத்தில் சரியாகப் பற்றவைக்கப்படாவிட்டால் பட்டுச் சேலையின் இழையை இழுக்கும். நான் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அப்படி ஒன்று செய்து கொடுத்து, மூன்றாம் நாளே சேலையும் டாலருமாக அவளுடைய அம்மா வந்து நின்றார். கட்டை விரலால் ஒவ்வொரு நுனியையும் தடவிப் பாருங்கள். சுரண்டினால் பக்கத்துப் பட்டறையில் கொடுத்து ஒரு பொடி வைத்து ஊதச் சொல்லுங்கள். பொடி என்றால் பற்றாசுப் பொடி, உருகி இரண்டு உலோகத்தை ஒட்டுவது. மற்றவர்கள் பேச்சில் பொடி வைப்பது பிறகு வந்த பழக்கம்.

பேத்திக்கு வெள்ளியில் அரைமூடி செய்ய வேண்டும். அது ஏன் எப்போதும் அரச இலையாகவே இருக்கிறது? வேறு இலையில் செய்யக் கூடாதா?
– அமத்தா ஒருவர், கரூர்

இந்தத் தலைமுறையில் அரைமூடி (பெண்குழந்தையின் அரைஞாணில் கோத்து முன்பக்கம் மறைக்கும் இலைத் தகடு) கேட்கிற முதல் கடிதம் இது. இருந்த அச்சையே எங்கே வைத்தேன் என்று தேடினேன்.

அரச இலை நம்மிடம் மிகப் பழைய வடிவம். மொகஞ்சதாரோ முத்திரைகளிலும் பானைகளிலும் இருக்கிறது. அரச மரத்தின் அடியில் புத்தர் ஞானம் பெற்றார். அந்த மரத்தின் கிளையை அசோகரின் மகள் சங்கமித்திரை இலங்கைக்குக் கொண்டுபோனார் என்பது மரபு. அநுராதபுரத்தில் அது இன்றும் பூசை பெறுகிறது. இங்கேயோ அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று கேலியாக ஒரு பழமொழியே உண்டு. பிள்ளை வரம் கேட்ட மரத்தின் இலையைப் பிறந்த பிள்ளையின் அரையில் கட்டினார்கள் என்பது என் எண்ணம். எந்த நூலிலும் படித்ததல்ல.

செய்முறையைச் சொல்கிறேன், ஆசாரியிடம் கேட்க உதவும். வெள்ளித் தகட்டை அரக்குப் பலகையில் ஒட்டி, முதலில் நடுநரம்பு, பிறகு பக்க நரம்புகள் என்று உளியால் பின்பக்கத்திலிருந்து தட்டி எழுப்ப வேண்டும். இலையின் தோள் அகன்று, இடுப்பு சட்டென்று ஒடுங்கி, கீழே நீண்ட வால் வரும். மழைத் தண்ணீர் இலையில் தங்காமல் வடிவதற்கான வால் அது. எனக்கு 14 வயதில் அப்பா முதன்முதலாக ஓர் அரைமூடியைத் தனியாகச் செய்யச் சொன்னார். நான் வாசல் மரத்திலிருந்து ஓர் இலையைப் பறித்து வந்து, வால் உட்பட அப்படியே எடுத்தேன். நிஜ இலை எது, வெள்ளி எது என்று தெரியாது, அவ்வளவு சரி. அப்பா அதை வாங்கி, வால் நுனியைத் தன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினார். சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. "குழந்தை உட்காரும்போது இது எங்கே குத்தும்?" என்றார். நான் பேசவில்லை. மூசையில் போட்டு உருக்கிவிட்டார்.

ஆகவே, வால் நுனியை மடக்கி ஒரு சிறு குண்டு மணியாக முடிக்கச் சொல்லுங்கள். ஓரம் முழுதும் ஒரு கம்பி ஓட வேண்டும். வெட்டிய தகட்டு ஓரம் பிஞ்சுத் தோலுக்கு ஆகாது. வேறு இலை தாராளமாகச் செய்யலாம், ஆனால் வெற்றிலை வேண்டாம். எல்லோரும் அதைச் சீட்டுக்கட்டில் பார்த்திருக்கிறார்கள்.

என் நட்சத்திரத்துக்கு உரிய மரத்தை ஐம்பொன்னில் மோதிரமாகப் போட்டால் தொழில் விருத்தி ஆகுமா?
– வாசகர், பல்லடம்

நட்சத்திரத்துக்கு ஒரு மரம் என்று 27 மரங்களின் பட்டியல் கோயில் நந்தவனங்களில் தொங்குகிறது. அந்த மரத்தை நடச் சொல்கிற பட்டியல் அது. மோதிரம் போடச் சொல்வதல்ல. மோதிரம் போட்டால் எனக்குத் தொழில் விருத்தி ஆகும், உங்களுக்கு எப்படி என்று தெரியாது. மழை பெய்த வாரத்தில் அந்தக் கன்றை நட்டுவிட்டு எழுதுங்கள்.

உலகத்திலேயே பழைய மர நகை எது ஐயா? நான் நகை வடிவமைப்புப் படிக்கிறேன்.
– மாணவி, திருப்பூர்

எது முதல் என்று பந்தயம் கட்ட மாட்டேன், கண்ணு. நான் படத்தில் பார்த்து வாய் பிளந்தவை மூன்று.

இராக்கில் ஊர் என்ற பழைய நகரம். (பெயரே ஊர்தான், எனக்கு இதில் ஒரு சந்தோசம்.) அங்கே 1920-களில் லியனார்ட் வூலி தோண்டியபோது பூவாபி என்ற அரசியின் கல்லறை கிடைத்தது. ஏறத்தாழ 4,500 ஆண்டு பழையது. அவள் தலையணியில் பொன் தகட்டு இலைகள் வரிசையாகத் தொங்குகின்றன. பாப்லர் மரத்து இலை என்கிறார்கள், இன்னொரு வரிசை நீண்ட வில்லோ இலை. இடையிடையே லாபிஸ் லசூலி என்ற நீல நிறக் கல் மணியும், சூதுபவளம் என்ற செந்நிறக் கல் மணியும். நடந்தால் இலை இலையோடு உரசியிருக்கும். அந்தச் சத்தத்துக்காகவே செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிரேக்க நாட்டு வெர்கினாவில் 1977-ல் மனோலிஸ் அன்ட்ரோனிகோஸ் திறந்த அரச கல்லறையில் பொன்னால் ஆன ஓக் இலை மகுடம் இருந்தது. 313 இலைகள், 68 காய்கள். எடை 700 கிராமுக்குச் சற்று மேல், நம் கணக்கில் 90 பவுனுக்கு நெருக்கம். ஓக் அவர்களின் சீயஸ் தெய்வத்துக்கு உரிய மரம். தொதோனா என்ற ஊரில் ஓக் இலை சலசலப்பதைக் கேட்டே குறி சொன்னார்கள். எண்ணிக்கையைப் படித்ததும் என் மனம் கூலிக் கணக்குக்குப் போய்விட்டது. ஓர் இலைக்கு அரை மணி நேரம் என்றாலும் தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் இலைக்கு மட்டுமே 20 நாள். காய்களுக்கும் காம்புகளுக்கும் தனி.

மூன்றாவது கொரியாவின் சில்லா அரசர்களின் பொன் முடி. முதலாவது 1921-ல் கியோங்ஜுவில் கிடைத்தது. நெற்றிப் பட்டையிலிருந்து பொன் தகட்டுக் கிளைகள் நேராக எழும். மரமும் மான் கொம்புமாகப் படிக்கிறார்கள். கிளையெங்கும் வட்டப் பொன் தகடுகள் கம்பியில் ஆடும்.

மூன்றையும் வைத்துப் பாடம் ஒன்று சொல்கிறேன். மூன்றிலும் அசைவு இருக்கிறது. உங்கள் வகுப்பில் மரத்தை அச்சடித்த தகடாக வரைந்து காட்டினால், ஆசிரியர் மதிப்பெண் போடலாம். நான் போட மாட்டேன். ஓர் இலையாவது ஆடட்டும்.

ஊர் அரசியின் சூதுபவளத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அவளுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்றாலும், அங்கே சூதுபவளமும் பளிங்கும் பட்டை தீட்டித் துளையிட்ட பட்டறைகளே அகழாய்வில் கிடைத்தன. திருப்பூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம். அந்த மண்ணில் ஒரு முறை நின்று பாருங்கள்.

ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறையில் காதோலை கருகமணி விடுகிறோம். காதோலை என்பது வெறும் சிவப்பு ஓலைச் சுருள்தானே, அதை ஏன் நகை என்கிறார்கள்?
– வாசகி, பவானி

வெறும் சுருள் அல்ல, அதுதான் மூலம். பொன் பிறகு வந்தது. காதைக் குத்தி, துளை தூர்ந்துபோகாமல் இருக்கப் பனை ஓலையைச் சுருட்டிச் செருகினார்கள். ஓலை விரிய விரியத் துளையும் பெரிதாகும். அந்தச் சுருளின் வடிவத்தைப் பொன்னில் எடுத்தபோதும் ஓலை என்றே அழைத்தார்கள். தோடு என்றாலும் பழைய தமிழில் ஓலை, பூவிதழ். காதின் மேல்மடலில் பாட்டிமார் போட்ட கொப்பு இருக்கிறதே, கொப்பு என்றால் மரக்கிளைதான். பெண்ணின் காதில் ஒரு மரமே குடியிருந்திருக்கிறது. ஆற்றுக்கு நாம் கொடுப்பது முதல் நகையை.

பட்டறைக்குள் வந்தாலும் அப்படித்தான். எடை பார்த்தது மஞ்சாடி மரத்து விதையால். மேல்நாட்டில் கேரட் என்ற சொல்லே கேரப் மரத்தின் விதைக்கான கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. ஊதிக் கறுத்த நகையைப் புளித் தண்ணீரில் போட்டு எடுப்போம், பூந்திக்கொட்டை நுரையில் கழுவுவோம். பேரூர்க் கோயிலின் பிறவாப் புளியைத் தொட்டுக் கும்பிடும்போதெல்லாம் எனக்குப் பட்டறைச் சட்டி நினைவுக்கு வரும். அரக்கோ, புரசு, இலந்தை போன்ற மரங்களில் பூச்சி வைக்கிற பிசின். உங்கள் சங்கமேசுவரர் கோயிலின் தலமரமும் இலந்தைதானே!

எங்கள் தோப்பில் அப்பாரு நட்ட தென்னைகளில் வேர் வாடல் வந்து வரிசையாக வெட்டிவிட்டோம். களத்து மேட்டு மரத்தின் அடித்துண்டை மட்டும் வைத்திருக்கிறேன். அதில் எனக்கும் என் தங்கைக்கும் டாலர் செய்ய முடியுமா? தென்னை தலமரமோ புனித மரமோ இல்லை என்று என் கணவர் சிரிக்கிறார்.
– வாசகி, பொள்ளாச்சி

சிரிக்கட்டும். சங்க காலத்தில் ஒவ்வொரு வேந்தனுக்கும் காவல் மரம் ஒன்று உண்டு. எதிரியின் காவல் மரத்தை வெட்டினால்தான் வெற்றி முழுமை. சேரன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பை வெட்டி முரசு செய்துகொண்டான் என்று பதிற்றுப்பத்து சொல்கிறது. அயர்லாந்துக் கதையும் இதேதான். தால் காஷ் குலத்து அரசர்கள் பட்டம் ஏற்கும் மரத்தை 10-ஆம் நூற்றாண்டில் பகை அரசன் மாயெல் செக்னல் வேரோடு பறித்தான். வெட்டுப்பட்டால் யாருக்கு வலிக்கிறதோ அவர்களுடைய மரம் அது. உங்களுக்கு வலித்திருக்கிறது. கணக்கு முடிந்தது.

வேலைக்கு வருவோம். தென்னையின் உள்தண்டு பஞ்சு. அதில் ஒன்றும் ஆகாது. அடிமரத்தின் வெளிப்புறம், பட்டையை ஒட்டிய இரண்டு மூன்று அங்குலம்தான் கெட்டி. கறுப்பும் பழுப்புமாகக் கீற்றுக் கீற்றாக இருக்கும். அந்தப் பகுதியில் ஒரு சாண் துண்டு அறுத்து, வெயில் படாமல் காற்று படும் இடத்தில் வையுங்கள். வெயிலில் வைத்தால் கீற்று கீற்றாகவே பிளக்கும். சில மாதம் போகட்டும், அவசரம் வேண்டாம். ஈர மரத்தை வெள்ளிக்குள் வைத்தால் அது காய்ந்து சுருங்கிக் கூட்டுக்குள் கடகடவென்று ஆடும்.

ஆசாரி வெள்ளிக் கூட்டை முழுதும் பற்றவைத்து, கழுவி, மெருகு போட்டு முடித்த பிறகுதான் மரத்தை உள்ளே வைக்க வேண்டும். மரம் உள்ளே இருக்க நெருப்பைக் காட்டினால் கரிதான் மிஞ்சும். கூட்டின் உதட்டை நான்கு பக்கமும் மாற்றி மாற்றி மெல்லத் தள்ளி மூட வேண்டும், கல் பதிக்கிற மாதிரி. மேலே வார்னிஷ் வேண்டாம். தேன்மெழுகைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் கீற்று தெளியும். குளிக்கும்போது கழற்றிவிடுங்கள்.

கட்டையைக் கொண்டு வரும்போது அதே மரத்துக் காயின் தொட்டி (சிரட்டை) இரண்டும் கிடைத்தால் எடுத்து வாருங்கள். முற்றிய தொட்டியை உப்புத்தாளில் தேய்த்தால் கறுங்கல் போல மினுக்கும். கட்டை வெடித்துவிட்டால் தங்கைக்கு அதில் செய்துகொள்ளலாம்.