ரியாலிட்டி ஷோ பாத்தா இரக்கம் கொறையுமா? எடிட்டர்கிட்ட கேளுங்க

சென்னைல சேனல் ஷோக்களுக்கு எடிட்டிங் பண்ணிட்டிருந்தேன், இப்ப மன்னார்குடில கல்யாண வீடியோ பண்றேன். கேளுங்க, பதில் சொல்றேன். யாரு ஜெயிப்பா, ஓட்டு நிஜமா, இத மட்டும் கேக்காதீங்க. போட்டியாளர் பேரப் போட்டு திட்டியும் எழுதாதீங்க, அவங்க வீட்டுல பெத்தவங்க படிக்கிறாங்க.

கும்பகோணம் அக்கா: மாமியார் சீரியல் வில்லியையும் திட்றாங்க, ஷோல வர்ற பொண்ணையும் திட்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லக்கா. சீரியல் வில்லிக்கு அது வேஷம், ஷூட்டிங் முடிஞ்சா வேற பேரு. ஷோல வர்ற பொண்ணுக்கு அதுதான் சொந்த பேரு, சொந்த ஊரு, நாளைக்கு கல்யாணத்துக்கு பொண்ணு பாக்க வர்றவனும் அத வச்சுத்தான் பேசுவான். நாள் பூரா ஓடுற கேமராலேர்ந்து உங்க வீட்டுக்கு வர்றது ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். சோறு லேட்டானதுக்கு அந்தப் பொண்ணு மொறைச்ச ஷாட்ட எடுத்து இன்னொருத்தி அழுவுற எடத்துல ஒட்டி கீழ ஒரு பீஜிஎம் போட்டா அவ கல்நெஞ்சுக்காரி, முடிஞ்சு போச்சு. பேச்சையும் வெட்டி ஒட்டலாம், வாய் தெரியாம முதுகக் காட்டிக்கிட்டே குரல் ஓடுச்சுன்னா அங்க ஒட்டு இருக்கான்னு சந்தேகப்படுங்க. டால்ஃப் ஸில்மன்னு ஒரு ஆராய்ச்சியாளர் சொன்னது, கதை பாக்குறப்ப நாம நீதிபதியா உக்காந்துடுறோம், நல்லவன்னு முடிவு கட்டுனவனுக்கு அடிபட்டா பதறுவோம், கெட்டவன்னு முடிவு கட்டுனவனுக்கு அடிபட்டா சந்தோஷப்படுவோம். கதைக்கு அது சரி. உசுரோட இருக்குற ஆளுக்கும் அதே கணக்கப் போடுறோம் பாருங்க, அங்கதான் எனக்கு வயிறு எரியுது. இரக்கம் செத்துப்போகல, யாருக்கு எவ்வளவுன்னு எடிட் ரூம்ல அளந்து குடுக்குறாங்க.

திருவாரூர் காலேஜ் தம்பி: ஆராய்ச்சி ஆதாரம் இருக்கா?

இருக்கு. அமெரிக்காவுல பிரையன் கிப்சன் குழு 2016ல வெளியிட்டது. ஒருத்தர ஒருத்தர் மட்டம் தட்டிக்கிற ரியாலிட்டி ஷோவப் பாத்தவங்க, அதுக்கப்பறம் வச்ச ஒரு விளையாட்டுல எதிராளிக்கு அதிக சத்தம் குடுத்து துன்பப்படுத்துனாங்க, கொலை க்ரைம் தொடர் பாத்தவங்களவிட அதிகமா. ஆனா அது பாத்த உடனே அளந்தது, ஆயுசுக்கும் மனசு மாறிடுச்சுன்னு அதுலேர்ந்து சொல்ல முடியாது.

பேராவூரணி: பாட்டுப் போட்டில குடும்பக் கஷ்டம் காட்றாங்களே, அது இரக்கத்த வளக்குதுல்ல?

கேமரா முன்னாடி அழத் தெரிஞ்சவங்க மேல மட்டும் வளக்குது. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க பெரியப்பா தோப்புல தென்னை மொத்தமும் சாஞ்சுது, அவரு அழல, திண்ணைல உக்காந்துட்டாரு. அவருகிட்ட ஒரு கேமராவும் நிக்கல.

தஞ்சாவூர்: இந்த வாரம் எலிமினேஷன் யாரு?

மேல பாருங்க.

மயிலாடுதுறை: காசு வாங்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டுத்தானே போறாங்க, நாலு பேரு திட்டுனா என்னவாம்?

தம்பி, கையெழுத்து சேனலுக்குப் போட்டது, உங்களுக்கு இல்ல. ஜப்பான்ல ஹனா கிமுரான்னு 22 வயசு மல்யுத்த வீராங்கனை, 'டெரஸ் ஹவுஸ்' ஷோல கூட இருந்த பையன் அவங்க மேட்ச் டிரஸ்ஸ துவைச்சு கெடுத்துட்டான்னு கோவப்பட்டு அவன் தொப்பியத் தட்டிவிட்டாங்க. அவ்வளவுதான் நடந்தது. வசவு மேல வசவா வந்து குவிஞ்சுது, 2020 மே 23ந்தேதி அந்தப் பொண்ணு உசுர விட்டுட்டா. திட்டுன ஒவ்வொருத்தனும் 'நான் ஒரு வரிதானே எழுதுனேன்'னுதான் நெனைச்சிருப்பான். 2022ல ஜப்பான் சட்டத்தையே மாத்துனாங்க, அவமதிச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்.

அதே தம்பி: அது ஜப்பான். நம்ம ஊருல பஞ்சாயத்துலயே குடும்பச் சண்டைய நடுத்தெருவுல வச்சுத்தானே பேசுனாங்க?

பேசுனாங்க, அதுல அநியாயமும் நெறைய நடந்துச்சு, நான் அதுக்கு வக்காலத்து வாங்கல. ஆனா உக்காந்திருந்தவனுக்கு ரெண்டு வீட்டுக் கதையும் தெரியும், மறுநாள் அதே வாய்க்கால்ல மடை தொறக்க ரெண்டு பேரு மொகத்துலயும் முழிக்கணும், அதனால நாக்க அடக்குவான். டிவி பாக்குறவனுக்கு அந்தக் கட்டாயமே கெடையாது. 'சொல்வதெல்லாம் உண்மை' ஷோவுக்கு 2018ல ஹைகோர்ட் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டுச்சே, ஏன்? குடும்ப அந்தரங்கத்த ஊரே பாக்குற மாதிரி கடை விரிக்கலாமான்னு கேள்வி வந்துதான். பிரிட்டன்லயும் அதே மாதிரி குடும்பச் சண்டை ஷோ ஒண்ணு, ஜெரமி கைல் ஷோ, அதுல கலந்துக்கிட்டவரு ஒருத்தர் இறந்ததும் 2019ல நிறுத்திட்டாங்க, அப்பறம் 2021லேர்ந்து கலந்துக்கிறவங்க மனநலத்த சேனல் பாத்துக்கணும்னு விதியே வந்துச்சு.

மன்னார்குடி: ஓட்டெல்லாம் நிஜமா அண்ணே?

மூணாவது தடவ. வேண்டாம்.

வலங்கைமான்: அப்ப பாக்கவே கூடாதா?

பாருங்க. ப்ரோமோவ மட்டும் பாத்துட்டு ஒருத்தரப் பத்தி முடிவு கட்டாதீங்க, ப்ரோமோ உங்களக் கோவப்படுத்தத்தான் வெட்டுறது. பசங்களோட பாத்தா 'இதுக்கு முன்னாடி என்ன நடந்திருக்கும்'னு கேளுங்க. பேரப் போட்டு திட்டாதீங்க, திரும்பவும் சொல்றேன்.

நாகப்பட்டினம்: தங்கச்சி ஒரு லோக்கல் சேனல் பேட்டில பேசுனத வெட்டி ரீல்ஸாப் போட்டுட்டாங்க, ஊரே கிண்டல் பண்ணுது, ரெண்டு நாளா சாப்பிடல.

மத்த கேள்வி அப்பறம். மொதல்ல அவள தனியா விடாதீங்க, கமெண்ட்ட நீங்க படிங்க, அவ படிக்க வேண்டாம். எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு சைபர் க்ரைம் போலீஸ்ல புகார் குடுங்க. 14416க்கு இப்பவே போன் போடுங்க, அது டெலி மனஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கெடையாது, தமிழ்ல பேசலாம். முழுப் பேட்டியும் கையில இருந்தா எனக்கு அனுப்புங்க, எங்க வெட்டுனான்னு நேரம் போட்டு எழுதித் தரேன், புகாரோட சேத்துக் குடுங்க.