முன்தோல் இறுக்கம்: ஆபரேஷனுக்கு முன் சர்க்கரையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 6 வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கொஞ்ச நாளாக ஆணுறுப்பின் முன்தோல் அடிக்கடி வெடித்து எரிகிறது. இப்போது பின்னால் தள்ளவே முடியவில்லை. டாக்டர், ‘சுன்னத் செய்துவிடலாம்’ என்கிறார். நாங்கள் இந்துக்கள். இந்த வயதில் இது தேவையா? தாம்பத்தியம் பாதிக்குமா? என் 4 வயது மகனுக்கும் தோல் பின்னால் வருவதில்லை. அவனுக்கும் சேர்த்துச் செய்துவிடலாமா?

பதில்: உங்களுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம். மகனுக்கு அநேகமாகத் தேவையே இல்லை. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு.

ரத்தத்தில் சர்க்கரை கூடினால் சிறுநீரிலும் இறங்கும். முன்தோலின் உள்பக்கம் தங்கும் அந்த ஈரத்தில் பூஞ்சைக் காளான் செழிக்கும். அரிப்பு, வெள்ளைப் படிவு, பிளேடால் கீறியது போன்ற வெடிப்புகள் எல்லாம் அதனால்தான். வெடிப்பு ஆறும்போது தழும்பாகும், தழும்புத் தோல் விரியாது, விரியாததால் மறுபடி வெடிக்கும். இப்படியே போய்த்தான் உங்களுக்கு இறுகியிருக்கிறது. நடுவயதில் புதிதாக முன்தோல் இறுகி வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் எழுதித் தருவதே சர்க்கரைப் பரிசோதனைதான். நோய் இருப்பதே சிலருக்கு அப்போதுதான் தெரியவரும்.

ஆகவே, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை முதலில் செய்யுங்கள். மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சிறுநீர் வழியாகவே சர்க்கரையை வெளியேற்றுபவை. அவற்றைச் சாப்பிடும் சிலருக்கு இந்தக் காளான் தொற்று திரும்பத் திரும்ப வரும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மாத்திரைகள்தான், நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் சர்க்கரை டாக்டரிடம் தொந்தரவைச் சொல்லுங்கள், மாற்றுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார். டெட்டால், சோப்பு போட்டுத் தேய்ப்பதை இன்றோடு விடுங்கள். புண்ணான தோலை அது இன்னும் புண்ணாக்கும். வெறும் தண்ணீர் போதும்.

ஆரம்ப நிலை என்றால் காளானுக்கான களிம்பும், சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு களிம்பும் தோலைத் தளர்த்திவிடும். தோல் வெளுத்துத் தடித்து வளையமாக இறுகிவிட்டால் களிம்பு பெரிதாக உதவாது. முன்தோல் நீக்கம்தான் நிரந்தரத் தீர்வு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவது நிலை போலத்தான் தெரிகிறது. நேரில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

மதத்தைப் பற்றிய தயக்கம் வேண்டாம். அரசு மருத்துவமனைகளின் அறுவைப் பிரிவில் எல்லா மதத்தினருக்கும் வழக்கமாகச் செய்கிற சிறிய ஆபரேஷன் இது. உறுப்பின் அடிப்பகுதியில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த ஊசி மட்டும் சுருக்கென்று இருக்கும். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். தையல் தானாகக் கரையும். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் மாதிரி ஏதாவது சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சர்க்கரை எகிறியிருக்கும்போது செய்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். அவசரம் இல்லாதவரை சர்க்கரையை இறக்கிவிட்டே செய்வது நல்லது. நீக்கிய தோலைப் பயாப்சி என்னும் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நாள்பட்ட இறுக்கம் ஆணுறுப்புப் புற்றுநோய்க்கு வழி வைக்கும் காரணங்களில் ஒன்று என்பதால் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், அது அரிதான புற்றுநோய்.

பிறகு ஓரிரு வாரம் வீக்கம் இருக்கும். இரவில் தானாக ஏற்படும் விறைப்பில் தையல் இழுத்து வலிக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆட்கள் பயந்துவிடுகிறார்கள். உறுப்பின் நுனியான மொட்டுப் பகுதி துணி பட்டாலே கூசும், நாளாக ஆகப் பழகிவிடும். 4 முதல் 6 வாரம் உறவு வேண்டாம். அதன்பின் விறைப்போ விந்து வெளியேறுவதோ இந்த ஆபரேஷனால் குறைவதில்லை. வெடிப்பும் வலியும் போய்விடுவதால் பலருக்கு உறவு முன்பைவிடச் சுலபமாகிறது. சர்க்கரையால் ஏற்கெனவே விறைப்புக் குறைவு இருந்தால் அதை இது சரி செய்யாது. மனைவிக்கு அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் அவரும் சிகிச்சை எடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் அவசரம். தோலைப் பலவந்தமாகப் பின்னால் தள்ளி, அது திரும்ப முன்னால் வராமல் மாட்டிக்கொண்டு மொட்டு வீங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்த ஓட்டம் தடைபடும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான்.

இனி மகன். அந்த வயதில் முன்தோல் மொட்டோடு ஒட்டியிருப்பது இயல்பு. வளர வளரத் தானாக விடுபடும், சிலருக்கு விடலைப் பருவம் வரை ஆகும். குளிப்பாட்டும்போது தள்ளி இழுக்காதீர்கள். கிழிந்து தழும்பாகி, இல்லாத நோயை நாமே உண்டாக்கியதாகிவிடும். சிறுநீர் போகும்போது முன்தோல் பலூன் மாதிரி உப்பினாலும், அது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணமாகாது. அடிக்கடி சிறுநீர்த் தொற்றால் காய்ச்சல் வருவது, முக்கி முக்கிச் சிறுநீர் போவது, நுனி வெள்ளையாகத் தடிப்பது ஆகியவை இருந்தால் குழந்தைகள் அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கமாக இருந்தால் முன்தோலை எடுக்கவே கூடாது. அந்தக் குறையைச் சரிசெய்ய அந்தத் தோல்தான் தேவைப்படும்.