மூட்டு வலி: கேப்ஸ்யூல், கஷாயம், பொட்டலம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: “மூட்டு வலிக்கு இயற்கையாக என்ன சாப்பிடலாம்?” வயது இல்லை. எந்த மூட்டு என்று இல்லை. சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எதுவும் இல்லை. மூட்டுத் தேய்மானமா, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் சரவாங்கியா என்றே தெரியாமல் நான் என்ன சொல்ல? ஓரளவாவது விவரம் எழுதியவர்களுக்கு மட்டும் பதில்.

வயது 62, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் சேர்ந்த மாத்திரையை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். மாதம் ஆயிரம் ரூபாய் ஆகிறது. தொடரலாமா? (ஈரோடு)

வலி குறைந்ததா இல்லையா? அதை மட்டும் எழுத மறந்துவிட்டீர்கள். 2006-இல் அமெரிக்காவில் சுமார் 1,600 பேரிடம் ஆறு மாதம் நடத்திய ஆய்வில், மொத்தத்தில் இந்த ஜோடி, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது! வலி அதிகமாக இருந்த ஒரு சிறு பிரிவினருக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. விற்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

என் கணக்கு எப்போதும் ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரு பொருள், மூன்று மாதம். பலன் இல்லையா, விட்டுவிடுங்கள். நீங்கள் இரண்டு மாதம் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்த ஆயிரத்தைப் பிசியோதெரபிக்குக் கொடுங்கள். எடை கூடுதல் என்றால் அதையும் குறையுங்கள். உடம்பில் ஒரு கிலோ இறங்கினால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலுக்கு நாலு கிலோ சுமை குறையும்.

நான் சுத்த சைவம். குளுக்கோசமைன் சாப்பிடலாமா? (கும்பகோணம்)

பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பதுதான். சோளத்திலிருந்து செய்வதும் கிடைக்கிறது. டப்பாவைப் படித்து வாங்குங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் எதுவுமே வேண்டாம்.

தினமும் பாலில் மஞ்சள் போட்டுக் குடிக்கிறேன். அது போதுமா, கேப்ஸ்யூல் வாங்க வேண்டுமா? (சேலம்)

மஞ்சளில் வேலை செய்யும் சத்தான குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஒரு டீஸ்பூன் தூளில் 100 மில்லிகிராம்கூடத் தேறாது. மூட்டு வலிக்கான ஆய்வுகளில் கொடுத்தது நாளுக்கு 1,000 மில்லிகிராம் அளவில். அப்படியானால் பத்து டீஸ்பூன்! அதுவும் குடலில் சரியாக ஏறாது. மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் 20 மடங்கு ஏறுகிறது என்று 1998-இல் பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது. அதிலிருந்துதான் கேப்ஸ்யூலில் மிளகுச் சத்தும் சேர்ந்துகொண்டது.

தேய்மான வலிக்கு இது ஓரளவு உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே மிளகுச் சத்து நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் கூடுதலாக ரத்தத்தில் ஏற்றிவிடலாம். இத்தகைய கேப்ஸ்யூலால் கல்லீரல் வீங்கியவர்களும் உண்டு. சிறுநீர் கட்டித் தேநீர் நிறத்தில் போனால் அன்றே நிறுத்துங்கள். பித்தப்பையில் கல் இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம். பாலும் மஞ்சளும் அது பாட்டுக்குத் தொடரட்டும்.

சரவாங்கிக்கு மீன் எண்ணெய் நல்லது என்றார்கள். தினமும் ஒரு கேப்ஸ்யூல் சாப்பிடுகிறேன், பலன் இல்லை. (நாகர்கோவில்)

எப்படி இருக்கும்? 1,000 மில்லிகிராம் என்று அட்டையில் எழுதியிருப்பது எண்ணெயின் எடை. அதில் வேலை செய்யும் ஒமேகா-3 சாதாரணமாக 300 மில்லிகிராம்தான். சரவாங்கிக்கு வேண்டியது நாளுக்கு 3 கிராம் அளவு, அதாவது இந்த கேப்ஸ்யூலில் பத்து. செறிவு கூடிய வகை என்றால் எண்ணிக்கை குறையும். பலன் தெரிய இதற்கும் மூன்று மாதம். இந்த அளவுக்குப் போகும் முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். எதைச் சாப்பிட்டாலும் சரவாங்கியை அடக்கத் தரும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது காப்பாற்றுவது மூட்டை. மீன் எண்ணெய் வலியைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு 58 வயது. சந்தையில் வாங்கிய மூலிகைப் பொடியில் மூன்றாம் நாளே வலி போய்விட்டது. நாலு மாதமாகச் சாப்பிடுகிறார். நன்றாகப் பசிக்கிறது, முகம் பூரித்திருக்கிறது. சர்க்கரை மட்டும் புதிதாக வந்திருக்கிறது. பக்கவிளைவு இல்லாத மருந்துதானே, தொடரலாமா? (விழுப்புரம்)

முகம் பூரிக்கவில்லை தம்பி, உப்பியிருக்கிறது. பசி, உப்பிய முகம், புதுச் சர்க்கரை, மூன்று நாளில் பறந்த வலி. இவ்வளவையும் நீங்களே வரிசையாக எழுதிவிட்டுப் பக்கவிளைவு இல்லை என்கிறீர்கள். எந்த மூலிகையும் மூன்று நாளில் மூட்டு வலியைத் துடைத்தெடுக்காது. ஸ்டீராய்டு துடைத்தெடுக்கும்.

இந்தப் பல்லவியை நான் பல வருடமாகப் பாடுகிறேன். போன மாதம் ஒரு அம்மாள் வந்தார். முந்தானையில் முடிந்திருந்த பொட்டலத்தை என் மேசையில் பிரித்தார். கிழித்த செய்தித்தாள், உள்ளே பழுப்புப் பொடி, ஊடே ஊடே வெள்ளைத் துகள். பேர் இல்லை, தேதி இல்லை, செய்தவர் யாரென்று இல்லை. பொடியைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் அவர் கை சொல்லியது: தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, வளையல் உரசிய இடமெல்லாம் கருநீலம். “இயற்கை மருந்து சார், ஒன்றும் செய்யாது” என்றார்.

இது நம் ஊர்ச் சந்தையோடு நிற்பதில்லை. 2022-இல் ஆர்ட்ரி கிங் என்ற பெயரில் விற்ற மூட்டு வலி மாத்திரைகளில் டைக்குளோஃபெனாக் என்ற வலி மருந்தும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருப்பதைப் பரிசோதித்துக் கண்டுபிடித்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டது. அட்டையில் அந்த இரண்டின் பெயரும் இல்லை.

இனி கவனமாகப் படியுங்கள். பயந்துபோய்ப் பொடியை இன்றே நிறுத்திவிடாதீர்கள். நாலு மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடம்புக்குள்ளேயே ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். நாளையே அம்மாவையும் பொட்டலத்தையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தேவைப்பட்டால் அந்தச் சுரப்பி வேலை செய்கிறதா என்று பார்க்கக் காலை நேர கார்ட்டிசால் பரிசோதனை செய்து, படிப்படியாகக் குறைப்பார்.

சித்த மருத்துவர்கள் என் மேல் கோபப்பட வேண்டாம். பதிவு பெற்ற சித்த மருத்துவர் எழுதித்தரும் மருந்தில் உரிம எண், தொகுதி எண், காலாவதி தேதி எல்லாம் அச்சிட்டிருக்கும். நான் திட்டுவது பேரில்லாப் பொட்டலத்தை.

வைட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று, 8 வாரம் என்று எழுதிக்கொடுத்தார்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று தினமும் ஒன்று சாப்பிடுகிறேன், மூன்று மாதம் ஆகிறது. இப்போது குமட்டல். (சென்னை)

இதை இன்றே நிறுத்துங்கள். ஆமாம், இதை உடனே நிறுத்தலாம். ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டும் இன்றே பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். சீட்டைப் படிக்கத் தெரிந்தவர் செய்கிற வேலையா இது?

முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல்? (தஞ்சாவூர்)

தாராளமாக. பிரண்டையை நார் உரித்து நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரையுங்கள், இல்லாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். கீரையாகச் சாப்பிடுங்கள், மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிடாதீர்கள்.

கொலாஜன் பவுடர் நல்லதா, ஆட்டுக்கால் சூப் நல்லதா? (கோவை)

இரண்டும் வயிற்றில் செரித்துத் துண்டு துண்டாகிவிடும் புரதம்தான், நேரே முட்டிக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. ருசிக்குச் சூப்.

செம்புக் காப்பு போட்டால் வலி குறையுமா? (நெல்லை)

இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்தார்கள், குறையவில்லை. நகையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

வலி தாங்க முடியவில்லை. ஏதாவது நல்ல மருந்து எழுதுங்கள். (திண்டுக்கல்)

எந்த மூட்டு ஐயா? வீக்கம் உண்டா? காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க எவ்வளவு நேரம் ஆகிறது? அரை மணிக்கு மேல் என்றால் எனக்கு அடுத்த கடிதம் வேண்டாம், நேரே வாதநோய் மருத்துவரிடம் போங்கள். போகும்போது இப்போது சாப்பிடும் மாத்திரை, லேகியம், பொடி எல்லாவற்றையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.