வாஷ் மோட்டார் உறுமுது, சுத்தல

அரூர் நண்பருக்கு, உங்க பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின்ல துவைக்கிற பக்க மோட்டார் உறுமுது, கையால தள்ளிவிட்டாதான் சுத்துதுன்னு கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் மோட்டார் சுத்த ஆரம்பிக்க உதவுற கெப்பாசிட்டர் போயிருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிட்டு பின்மூடியைக் கழட்டுங்க. கெப்பாசிட்டரோட ரெண்டு முனையையும் குண்டு பல்பு மாட்டின ஹோல்டரோட ரெண்டு வயரால தொட்டு, உள்ள தேங்கின கரண்ட்டை டிஸ்சார்ஜ் பண்ணாம கை வைக்காதீங்க. மேல 10 மைக்ரோஃபாரட், 440 வோல்ட்னு போட்டிருந்தா, கெப்பாசிட்டர் அளக்கிற மீட்டர்ல 9-க்குக் கீழ வந்தாலே மாத்திடுங்க. அதே அளவுதான், கூட்டிப் போட்டா வைண்டிங் (மோட்டாருக்குள்ள இருக்கிற காயில்) சூடாகும்.

மாத்தியும் உறுமினா பெல்ட்டைக் கழட்டி மோட்டார் புல்லியைச் சுத்திப் பாருங்க, இறுக்கமா இருக்கான்னு. நம்ம பக்கம் போர் தண்ணி உப்பாச்சே! சீல் கசிஞ்சா கியர்பாக்ஸ் அடியில வெள்ளையா பொரிஞ்சு நிக்கும், சொட்டுற தண்ணியில மோட்டார் புஷ் (தண்டு சுத்துற வளையம்) துருப்பிடிச்சு இறுகிடும்.

புல்லி லேசா சுத்துதா? அப்போ மோட்டார்ல இருந்து வர்ற மூணு வயரை மீட்டர்ல பாருங்க: காமன் (ரெண்டு காயிலுக்கும் பொதுவான) வயர்ல இருந்து மத்த ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ஓம் வரணும். ஒண்ணு மட்டும் நல்லா குறைஞ்சா ரீவைண்டிங்தான், அதாவது காயிலைப் புதுசா சுத்தணும்.